தேயாத சென்சார்

அந்தத் தொழிற்சாலை கல்லை மாவாக்கியது. மாவாவதற்குக் கல் காய்ந்திருக்க வேண்டும். காய்வதற்குச் சூடான காற்று வேண்டும். அந்தக் காற்றும் மாவும் கலந்து, ஒரு ஆள் குனியாமல் நடந்து போகக்கூடிய அகலமுள்ள இரும்புக் குழாய் வழியாக, நூற்றுக்கணக்கான துணிப்பைகள் தொங்கும் ஓர் அறைக்குப் போய்ச் சேரும். பைகள் மாவைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடும். விஷயம் இவ்வளவுதான். இதை விளக்க நிர்வாகம் அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்து வைத்திருந்தது. அதில் பெரும்பகுதி பொது மேலாளர் நடந்து வருவார்.

தொல்லை குழாயில்தான். காற்று என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்காகக் குழாய்க்குள் நீட்டி வைத்திருக்கும் சென்சார்களைக் கல் மாவு உப்புத்தாள் போலத் தேய்த்துத் தின்றுவிடும். புதிதாக மாட்டிய சென்சார் பருவம் மாறுவதற்குள் பல்குச்சியாகிவிடும். பிறகு அது தன் மனம் போன போக்கில் எதையாவது சொல்லும்.

பொது மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் நேர்கோடு. அவருடைய அறையில் சுவரளவு திரை ஒன்று இருந்தது. அதில் ஆலையின் வெப்பம், காற்று, அழுத்தம் எல்லாம் வண்ண வண்ணக் கோடுகளாக ஓடும். கோடு நேராக ஓடினால் அவர் முகம் மலரும். ஆடினால் போன் அடிப்பார்.

“இந்தச் சிவப்புக் கோடு ஏன் ஆடுது?”

“காத்து ஆடுது சார்.”

“அப்போ காத்தை ஆடாம வெச்சுக்க வேண்டியதுதானே? சம்பளம் எதுக்கு வாங்கறீங்க?”

முன்பு வெப்பத்தைப் பார்க்க இரண்டு சென்சார்கள் இருந்தன. குழாயின் வளைவுக்கு அருகே ஒன்று, பை அறையின் வாசலில் ஒன்று. இரண்டும் எப்போதும் கொஞ்சம் வேறு வேறாகச் சொல்லும். “ஒரு வீட்டுல ரெண்டு கடிகாரம் இருந்தா சண்டைதான் வரும்” என்று கண்டுபிடித்த நேர்கோடு, பை அறை சென்சாரைக் கழற்றச் சொன்னார். அன்றிலிருந்து ஆலையில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தத் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்ல வேண்டியவர் கருவித் துறைத் தலைவர். பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த நாற்காலியில் துணைப் பொறியாளரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் அறைக் கதவில் ‘தலைவர்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டிருந்தார்கள். ஊழியர்கள் தலைவரை விட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் இருந்ததையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். “பொறுப்பு வந்துட்டாரா?” “பொறுப்புகிட்ட கேளு.” இப்படி ஒரு பெயரைச் சுமந்துகொண்டு ஒருவரால் நிம்மதியாகத் தேநீர்கூடக் குடிக்க முடியாது. அடைப்புக்குறி போய் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் மனைவியின் ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரியது.

“தேயாத சென்சார் ஒண்ணைத் தேர்ந்தெடு. உன்னை நிரந்தரமாக்கறது என் வேலை” என்றார் நேர்கோடு.

அதற்கு ஒரு குழு போட்டார்கள். மூன்று கம்பெனிகள் வந்தன. மூன்று சென்சார்களையும் எடை போட்டு, குழாயில் சில வாரம் மாட்டி, கழற்றி மறுபடி எடை போடுவது என்று தீர்மானம். எது குறைவாகத் தேய்ந்ததோ அது வெற்றி.

“சரியாக் காட்டுதாங்கிறதுக்கு எதாவது மார்க் உண்டா சார்?” என்று கேட்டார் பொறுப்பு.

“தேயாம இருந்தாத்தானேப்பா சரியாக் காட்ட முடியும்?” என்றார் நேர்கோடு.

கூட்டத்தில் தலைகள் ஆடின. சரியாக ஒலிக்கும் ஒரு வாக்கியத்தைச் சரிதானா என்று பார்க்கிற வழக்கம் அந்த அறையில் இல்லை. தவிர, அது மதிய உணவுக்குச் சற்று முந்தைய நேரம்.

முதல் இரண்டு சென்சார்களையும் குழாயின் நேரான பகுதியில், காற்றின் நடுவே மாட்டினார்கள். மூன்றாவதைத் தம் கையாலேயே மாட்ட வேண்டும் என்று நேர்கோடு விரும்பினார். அவர் ஏறி நிற்கத் தகுந்த மேடை, புதிதாக மஞ்சள் பூசிய கைப்பிடியோடு, ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. குழாய் வளைந்து திரும்பியவுடன், உள்பக்கச் சுவரை ஒட்டி. வேகமாகத் திரும்பும் பேருந்தில் எல்லோரும் வெளிப்பக்க ஜன்னலில் போய் விழுவதுபோல, வளைவில் காற்றும் மாவும் வெளிப்பக்கம் போய் அடித்துக்கொண்டு ஓடும். திரும்பியவுடன் உள்பக்க மூலையில் காற்று வேலையில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மூலையில் ஒரு சென்சாரை வைப்பது, கல்யாண வீட்டில் சத்தம் எவ்வளவு என்று பார்க்கப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது போல.

இது பொறுப்புக்குத் தெரியும். கருவித் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

“சார், இந்த இடம்...” என்று ஆரம்பித்தார்.

“நல்ல இடம்” என்றார் நேர்கோடு. ஒரு கால் ஏணியில் இருந்தது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். ‘இடத் தேர்வு சரியானது’ என்ற தாளில் பொறுப்பு கையெழுத்துப் போட்டார். மேடையில் மூன்று பேருக்கு இடமிருந்தும் அவர் படத்தில் விழவில்லை.

சோதனை முடிந்து கழற்றியபோது முதல் சென்சார், பரீட்சை அறையில் கடிபட்ட பென்சில் போல வந்தது. இரண்டாவதில் பாதிதான் வந்தது. மூன்றாவது கடையிலிருந்து வந்த மாதிரியே வந்தது.

“பாருங்க!” நேர்கோடு அதைக் கோப்பை போலத் தூக்கிப் பிடித்தார். “மேல ஒட்டியிருந்த காகிதம்கூட உரியல!”

கைதட்டல் அடங்கியதும் அந்தக் கம்பெனி விற்பனையாளர் எழுந்து, தங்கள் பீங்கான் பூச்சைப் பற்றிப் பேசினார். பிறகு படிக்கட்டில் இறங்கும்போது பொறுப்பின் காதருகே வந்து, “சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் குழாய்ல உண்மையிலேயே மாவு போகுதா?” என்று கேட்டார்.

அன்று மாலை பொறுப்பு வீட்டில் உட்கார்ந்து, இடத்தை மாற்றிச் சோதனையை மறுபடி நடத்தலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார். குடியிருப்பில் அவர்களுடையது இரண்டு அறை வீடு. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருவர்தான் நிற்க முடியும். அங்கே மனைவி நின்று படித்தார்.

“ஏங்க, ஜெயிச்சதைப் பிடிச்சு இழுத்து நீ ஜெயிக்கலன்னு சொல்றதுக்கு உங்களுக்கு யார் சம்பளம் குடுக்கறாங்க?”

“ஜெயிக்கலம்மா. அது ஓடவே இல்ல.”

“ஓடாமயே ஜெயிச்சிருக்குன்னா அது கெட்டிக்காரத்தனம். நீங்களும் இருக்கீங்களே, ஓடி ஓடி.”

பொறுப்பு அறிக்கையை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

வளைவருகே இருந்த பழையதைக் கழற்றிவிட்டு, வெற்றி பெற்ற சென்சார் வெற்றி பெற்ற இடத்திலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. இனி ஆலை தானாகவே வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. நூற்றுப்பத்து டிகிரி போதும் என்று கணினியிடம் சொல்லியிருந்தார்கள். மூலையில் இருந்த சென்சாருக்குச் சுவரின் குளிர்தான் படும். அது எப்போதும் “போதாது” என்றது. கணினி எரிவாயுவைக் கூட்டியது. “இன்னும் போதாது” என்றது. மேலும் கூட்டியது. கடைசியில் மூலையில் நூற்றுப்பத்து வந்தபோது நடுக்குழாயில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லக்கூடிய இன்னொன்றைத்தான் கழற்றியாயிற்றே. பைத் துணி தாங்குவது நூற்றுமுப்பது.

திரையில் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல் ஓடியது. நேர்கோடு வெளியாட்களை அழைத்து வந்து அந்தக் கோட்டைக் காட்டினார். ஒருவர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நாற்றம் வர ஆரம்பித்தது.

ஆலை முழு வேகம் பிடிக்கும் முன்மதிய வேளையில், பை அறைக்குப் பின்னாலிருந்து, லேசாக, கருகல் நாற்றம். நேர்கோடு ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்தார். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார்.

“ஏதாவது கருகுதா?”

இயக்குபவர் திரையைப் பார்த்தார். “எல்லாம் நூத்திப்பத்துல நிக்குது சார். அசையல.”

ஆலை கருகவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. பை அறைக்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது? கேன்டீன் இருக்கிறது.

கேன்டீனை நடத்தியவர் பொறுப்பின் கூடப்பிறந்த அக்கா. ஆலை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். பொறுப்புக்கு மட்டும் அந்த உரிமை பிறப்பால் வந்தது. அந்தச் சமையற்கட்டுதான் அக்காவின் பிழைப்பு. அவர் கணவர் முதுகுவலிக்காரர். எடை தூக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை வெங்காயம் உரிப்பார். பேசுவது குறைவு.

நிர்வாகத்தின் கடிதம் வந்த அன்று அக்கா தம்பியைப் பின்கதவு வழியாக உள்ளே கூப்பிட்டார்.

“டேய், படிச்சவனே. இதைப் படி.”

பொறுப்பு படித்தார். “‘தங்கள் சமையற்கூடத்திலிருந்து வெளியாகும் கருகல் நாற்றம் உற்பத்திச் சூழலைப் பாதிக்கிறது.’”

“நான் என்னத்தைக் கருக்கினேன்?”

“வெங்காயம்னு நினைக்கிறாங்க.”

“வெங்காயம் கருகினா வெங்காய வாசனை வரும். மூக்கைத் திறந்து மோந்து பாரு. இது இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல வெச்சுட்டு மறந்துபோனா வர்ற நாத்தம்.”

“என் நீலச் சட்டை” என்றார் மாமா, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

“அது போய் வருஷமாச்சு, இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருங்க. டேய் தம்பி, உங்க ஆபீஸ்ல சொல்லு. என்னன்னு பாருங்கன்னு சொல்லு.”

“பார்க்கறேன்க்கா.”

“கம்ப்யூட்டர்ல பார்க்காத. மூக்கால பாரு.”

பொறுப்பு மூக்கால் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கடிதத்தில் ‘கருகல்’ என்ற சொல்லைப் படித்த உடனேயே அவருக்குக் குழாயின் வளைவும் மஞ்சள் கைப்பிடியும் நினைவுக்கு வந்துவிட்டன. ஆனால் நிரந்தர ஆணை தட்டச்சாகி நேர்கோட்டின் மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கையெழுத்து ஆனதும் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் பைகள் தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பைகளிடம் இதைக் கேட்கவில்லை.

நாற்றம் தொடர்ந்தது. பாதுகாப்பு அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு ஒன்று வரப்போவதாகத் தெரிந்தது. குழு வந்த அன்று அக்கா அடுப்பே பற்ற வைக்கவில்லை. வீட்டிலேயே அவித்த முட்டை, ரொட்டி, வெட்டிய வெள்ளரிக்காய். தொழிலாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். குழு கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே வந்தது.

“வாங்க சார். மோந்து பாருங்க. வருதா?”

“நல்லா வருது” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“இப்போ அடுப்பைத் தொட்டுப் பாருங்க.”

அதிகாரி ஒற்றை விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. குழு வெளியே போய் மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசியது. மறுநாள் அறிக்கை வந்தது. அடுப்பு அணைந்திருக்கும்போதும் நாற்றம் நீடிப்பதால், அது சுவர்களிலேயே ஊறிப்போயிருப்பது ஐயமின்றித் தெளிவாகிறது என்றும், எனவே மாத முடிவில் இப்போதைய நடத்துநர் இடத்தைக் காலி செய்ய வேண்டும், பொட்டலச் சாப்பாட்டுக் கம்பெனி ஒன்று பொறுப்பேற்கும் என்றும் அதில் இருந்தது.

அன்று அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார். பொதுவாக வரும்போது எதையாவது கட்டி எடுத்து வருவார். அன்று கை வெறுமையாக இருந்தது.

“உட்காருங்க அண்ணி, டீ போடறேன்” என்றார் பொறுப்பின் மனைவி.

“வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்.” அக்கா தம்பியைப் பார்த்தார். “எனக்காக யார்கிட்டயும் நீ போய் நிக்க வேணாம். சிபாரிசு வேணாம். அது என் அடுப்பிலேருந்து வர்ற நாத்தமா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“வேற எங்கேருந்தாவது வரலாம்க்கா. பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

“வேற எங்கேருந்து?”

“அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

அக்கா எழுந்தார். “உங்க மாமா ராத்திரியெல்லாம் சுவரைச் சுண்ணாம்பு அடிச்சா போயிடுமான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அந்த முதுகை வெச்சுக்கிட்டு. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“எங்கேருந்துன்னு?”

“பை கருகுது. சென்சார் இருக்கிற இடம் தப்பு.”

“தெரிஞ்சுமா அண்ணி மூஞ்சியைப் பார்த்து, பார்த்துக்கிட்டு இருக்கோம்னு சொன்னீங்க?”

“நீதானே சொன்ன, ஜெயிச்சதைப் போய்...”

“நான் சென்சாரைப் பத்திச் சொன்னேங்க! அண்ணியைப் பத்தி எப்போ சொன்னேன்?”

 

மறுநாள் ஆலை முழு வேகம் பிடித்ததும் பொறுப்பு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மஞ்சள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சென்சாரை இறுக்கியிருந்த நட்டைத் தளர்த்தினார். அந்தச் சென்சார் நீளமான தண்டின் நுனியில் இருந்தது. தள்ளினால் உள்ளே போகும். கையளவு நீளம் தள்ளி, காற்று ஓடும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கினார். தண்டு அவர் கையில் நடுங்கியது. மாவு அதன் மேல் பொழியும் சரசரப்பு இரும்பு வழியே உள்ளங்கைக்கு வந்தது. வேலையில் சேர்ந்தபின் முதல் முறையாக அந்தச் சென்சாருக்கு வேலை கிடைத்திருந்தது.

திரையில் கோடு சடாரென்று மேலே ஏறியது. நூற்று நாற்பத்தெட்டு. கணினி பயந்துபோய் எரிவாயுவை மூடியது, அரவையை நிறுத்தியது, விசிறியை நிறுத்தியது. எல்லா இரைச்சல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. ஆலையில் அவ்வளவு அமைதியை யாரும் கேட்டதில்லை. பொது மேலாளர் தன் அறையிலிருந்து போட்ட சத்தம் நேரடியாகவே கேட்டது.

கூட்டம் உடனே கூடியது.

“எத்தனை நாளா நேரா ஓடிக்கிட்டு இருந்த கோடு!” என்றார் நேர்கோடு. இறந்தவரைப் பற்றிப் பேசும் குரல். “யார் அதுல கை வெச்சது?”

“நான்தான் சார்.”

“ஏன்?”

“அது இருந்த இடத்துல காத்தே இல்ல சார். அதான் தேயல. அதான் கோடு ஆடல. உள்ள சூடு ஏறிப் பை எல்லாம் கருகிக்கிட்டு இருக்கு. நாத்தம் அதுலேருந்துதான். கேன்டீன்லேருந்து இல்ல.”

“கேன்டீன் நடத்தறது உங்க அக்காதானே?” என்றார் பாதுகாப்பு அதிகாரி, கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு.

“ஆமா சார். பை அறை எனக்குச் சொந்தம் இல்ல. அதைத் திறந்து பாருங்க.”

திறந்தார்கள். முதல் வரிசைப் பைகள் அடியில் பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தன. பாதுகாப்பு அதிகாரி விரலால் தொட்டார். துணி அவர் விரலோடு வந்துவிட்டது. நாற்றம் குழுவைத் தேடிப்போய் மூக்கில் நுழைந்தது. இம்முறை யாரும் மரத்தடிக்குப் போகவில்லை.

“இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது?” என்று கேட்டார் நேர்கோடு.

மாட்டும்போது எடுத்த புகைப்படம் அவர் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கைப்பிடி, சென்சார், சிரிப்பு. அறையில் இருந்த எல்லோரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

“கையெழுத்து என்னோடது சார்” என்றார் பொறுப்பு.

“அப்போ நீங்கதான்” என்றார் நேர்கோடு. அவருக்கு மூச்சு சீராக வந்தது.

இரண்டு ஆணைகள் ஒரே நாளில் வந்தன. காற்றோட்டம் மேம்பட்டிருப்பதால் கேன்டீனைக் காலி செய்யச் சொன்ன கடிதம் திரும்பப் பெறப்படுகிறது என்பது ஒன்று. சுவர்களில் ஊறியிருந்த நாற்றம் என்ன ஆயிற்று என்று அதில் இல்லை. கருவித் துறைத் தலைவர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப்படும், தற்போது பொறுப்பில் இருப்பவர் பழையபடி துணைப் பொறியாளராகத் தொடர்வார் என்பது மற்றொன்று. தட்டச்சாகி மேசையில் இருந்த நிரந்தர ஆணை கிழிக்கப்பட்டதா, பின்பக்கம் எழுதப் பயன்பட்டதா என்று தெரியவில்லை.

சென்சார் இப்போது காற்றின் நடுவில் நிற்கிறது. பீங்கான் பூச்சு இருந்தும் தேய்கிறது. தேய்ந்ததும் மாற்றுகிறார்கள். பை அறை வாசலில் கழற்றியதையும் திரும்ப மாட்டிவிட்டார்கள்; இரண்டும் சண்டை போட்டுக்கொள்கின்றன. கோடு நாள் முழுதும் ஆடுகிறது. பொது மேலாளர் அறைத் திரைக்கு மட்டும், பல மணி நேரத்துச் சராசரியை எடுத்து ஒரு தனிக் கோடு அனுப்புகிறார்கள். அது நேராக இருக்கிறது. அவர் போன் அடிப்பது நின்றுவிட்டது.

ஆணைகள் வந்த மறுநாள் துணைப் பொறியாளர் கேன்டீனுக்குப் போனார். பின்கதவு வழியாகப் போகத் துணிவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் வழி விட்டார்கள், “போங்க சார், உங்க அக்காதானே” என்று. அவர் வேண்டாம் என்றார். உள்ளே மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கத்தியைத் தூக்கி வாழ்த்துச் சொன்னார்.

அக்கா கரண்டி நிறைய உருளைக்கிழங்கை அள்ளி, தட்டுக்கு மேல் கொண்டு வந்து நிறுத்தினார்.

“நீதான் போய் நிறுத்தினியாமே.”

“ஆமாக்கா.”

“வேலை போச்சாமே.”

“வேலை இருக்கு. பதவிதான்.”

“எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசறாங்க. அக்காவுக்காக ஆலையையே நிறுத்தினான்னு.” கரண்டி அப்படியே நின்றது. ஆவி வந்துகொண்டிருந்தது. “எப்போ கண்டுபிடிச்ச?”

பொய் சொல்ல அருமையான இடம். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. ஆலையை நிறுத்திய அன்றுதான் என்று சொன்னால் போதும்.

“கண்டுபிடிக்கலக்கா. உன் லெட்டரைப் படிச்சப்பவே தெரியும்.”

அக்கா கரண்டியில் இருந்ததில் பாதியைத் திரும்பச் சட்டியில் தட்டினார். மீதியைத் தட்டில் வைத்தார்.

“நகரு. பின்னால ஆள் நிக்குது” என்றார்.